ரோட்டோர ஊழியத்துக்குக் கிளம்புறவங்க பண்ணக்கூடாத தப்புங்க

டிசம்பர் வந்துட்டா போதும், சென்னைல பாரிமுனை, சென்ட்ரல், எக்மோர் பக்கம் ராத்திரி ஆனா சர்ச் வேனுங்க வரிசையா வந்து நிக்கும், பிரியாணி பொட்டலம், பெட்ஷீட்னு இறங்கிட்டே இருக்கும். நல்ல மனசோடதான் வர்றாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த நல்ல மனசே சில நேரம் எதிர்ல இருக்கறவங்கள புண்படுத்திடுது.

பெரிய தப்பு, ஆளப் பாத்ததும் முடிவு கட்டறது. பிராட்வே பிளாட்பாரத்துல நிறைய குடும்பங்க தலைமுறை தலைமுறையா அங்கயே இருக்கு, மூட்டை தூக்கறாங்க, மீன்பாடி வண்டி ஓட்டறாங்க, பூ கட்டி விக்கறாங்க, வீடுதான் இல்லயே தவிர உழைச்சு சாப்பிடறவங்க. சென்ட்ரலுக்கு எதிர்ல ஜி.எச். ஓரமா துண்ட விரிச்சு படுத்திருக்கறவங்கள்ல நிறைய பேர் உள்ள அட்மிட் ஆன நோயாளிக்குத் துணையா வெளியூர்லேர்ந்து வந்தவங்க. தூங்கறவங்கள எழுப்பி கைல பொட்டலத்தத் திணிச்சா எப்படி கூசிப்போவாங்கன்னு யோசிங்க. பைபிள்ல எரிகோ ரோட்டோரம் பிச்சை எடுத்துட்டிருந்த கண்ணு தெரியாத பர்திமேயுவுக்கு என்ன வேணும்னு பாத்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், அப்பவும் இயேசு அவன்கிட்ட உனக்கு நான் என்ன செய்யணும்னு கேட்டாரே, அத நாம ஏன் கேக்கறதில்ல?

கேட்டீங்கன்னா நீங்க நெனச்சுக்கூட பாக்காத பதில் வரும். ஒரு பெரியவர் பைக்குள்ள நாலு பொட்டலம் அப்படியே கிடந்து ஊசிப்போயிருந்துச்சு, பல்லே இல்ல அவருக்கு, கறியெல்லாம் எங்க மெல்றது, ரசம் சாதம் கிடைச்சா போதும்பாங்கறாரு. பொம்பளைங்க நாப்கின் கேப்பாங்க, உள்பாவாடை கேப்பாங்க, அதையும் உங்க டீம்ல அக்கா யாராச்சும் இருந்தாத்தான் வாயத் திறந்து கேப்பாங்க, அதனால பசங்க மட்டும் கும்பலா போகாதீங்க.

அடுத்தது உயிர் போற விஷயம். தள்ளாடுறவர பாத்து குடிகாரன்னு ஒதுங்கிப் போயிடறது. சுகர் இறங்கிட்டாலும் வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும், பாக்க அப்படியே குடிச்ச மாதிரி இருக்கும். நினைவோட இருந்து முழுங்க முடிஞ்சா சர்க்கரை குடுங்க, நினைவு இல்லன்னா வாயில எதுவும் ஊத்தாம உடனே 108-க்கு போன் போடுங்க. அதே மாதிரி தனக்குத்தானே பேசிட்டு அலையறவங்களச் சுத்தி நின்னு, நடுரோட்டுல சத்தம் போட்டு பிசாசு துரத்தறது, தயவுசெஞ்சு வேணாம். அவங்களுக்கு வேண்டியது வைத்தியம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, இப்படி ஆதரவில்லாம அலையறவங்களப் பாதுகாத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியது போலீஸோட கடமை, அதனால பக்கத்து ஸ்டேஷன்ல சொல்லுங்க. வீடில்லாத மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல ஆரம்பிச்ச பான்யன் அமைப்பும் சென்னைல இருக்கு. ஜெபத்த வீட்டுக்கு வந்து எவ்வளவு நேரம் வேணாலும் பண்ணலாமே.

போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறதப் பத்தி அதிகம் சொல்ல வேண்டியதில்ல, வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு நம்ம எல்லாருக்கும் மனப்பாடம்.

பசியோட இருக்கறவங்கள வரிசைல நிக்க வெச்சு பிரசங்கம் பண்ணி முடிச்சுட்டு சாப்பாடு குடுக்கறது எனக்கு ரொம்ப வலிக்குது. முதல்ல சாப்பாட்டக் குடுங்க, பக்கத்துல உக்காருங்க, அண்ணா, அம்மான்னு கூப்பிட்டு பேர் கேளுங்க, ஜெபம் பண்ணட்டுமான்னு கேளுங்க, வேணாம்னா விட்டுடுங்க, அடுத்த வாரமும் அதே முகத்தோட அதே இடத்துக்குப் போங்க. அவங்களே ஒருநாள் சர்ச்சுக்கு வந்தா கடைசி பெஞ்சக் காட்டாதீங்க. மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம், கந்தல் கட்டினவனுக்கு கால்மாட்டுலன்னு பண்றத பைபிள்ல யாக்கோபு தன் நிருபத்தோட ரெண்டாம் அதிகாரத்துலயே கண்டிச்சு எழுதியிருக்காரு.

வேலை வாங்கித் தரேன், வீடு பாத்துத் தரேன்னு உணர்ச்சிவசப்பட்டு வாக்கு குடுத்துடாதீங்க. மாநகராட்சி காப்பகம் இருக்கு, மாநகராட்சி உதவி எண் 1913-க்குப் பேசினா விவரம் கேக்கலாம், ஆனா அங்க பெரும்பாலும் ஆம்பளைங்களுக்குத் தனி, பொம்பளைங்களுக்குத் தனி, குடும்பமா இருக்கறவங்க பிரிஞ்சு போக சம்மதிக்க மாட்டாங்க. அதனால யாரையும் அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களே நேர்ல போய், யார் யார சேத்துக்கறாங்க, எத்தன நாள் வெச்சுக்குவாங்கன்னு விசாரிச்சுட்டு வந்து சொல்லுங்க, போறதா வேணாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.