முகமூடிச் சவாலும் காதல் சிக்கலும்: எட்டுப் பக்கப் படக்கதை எழுதும் முறை

சூப்பர் ஹீரோயின் கதை எழுத முதன்முதலாக உட்காருபவர்கள் பெரும்பாலும் சண்டையை ஒரு கதையாகவும் காதலை வேறொரு கதையாகவும் எழுதி, பக்கம் மாற்றிப் பக்கம் ஒட்டிவிடுகிறார்கள். வாசகரோ சண்டையைப் படித்துவிட்டுக் காதல் பக்கங்களைப் புரட்டிவிடுகிறார். இரண்டும் ஒரே முடிச்சிலிருந்து கிளம்பினால்தான் கதை நிற்கும். அந்த முடிச்சைப் போடும் முறையை, 1941இல் அமெரிக்கக் காமிக்ஸில் அறிமுகமான வொண்டர் வுமனின் தொடக்ககாலக் கதைகளைக் கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: ரகசியத்துக்கு விலை வையுங்கள்

நாயகியின் சக்திகளைப் பட்டியலிடுவதற்கு முன், அவள் எதை மறைக்கிறாள், அதனால் எதை இழக்கிறாள் என்பதை இரண்டே வரிகளில் எழுதிக்கொள்ளுங்கள். வொண்டர் வுமன், விபத்துக்குள்ளாகித் தன் தீவில் விழுந்த ஸ்டீவ் ட்ரெவர் என்னும் விமானியைக் காதலித்து, அவனோடு அமெரிக்காவுக்கு வருகிறாள். மருத்துவமனையில் அவன் அருகிலேயே இருப்பதற்காக, தன்னைப் போலவே தோற்றமுடைய ஒரு செவிலிக்குப் பணம் கொடுத்து, டயானா பிரின்ஸ் என்ற அவளுடைய அடையாளத்தை வாங்கிக்கொள்கிறாள். அந்தச் செவிலிக்கோ, தென் அமெரிக்காவில் இருக்கும் தன் வருங்காலக் கணவனிடம் போய்ச் சேரப் பணம் தேவைப்படுகிறது. ஒருத்தியின் காதலுக்காக விற்கப்பட்ட பெயர், இன்னொருத்தியின் காதலுக்கு வேலியாகிவிடுகிறது. ஏனெனில் ஸ்டீவ் வொண்டர் வுமனைத்தான் விரும்புகிறானே தவிர, கண்ணாடி அணிந்து அருகில் நிற்கும் டயானாவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தனக்குத் தானே சக்களத்தியாகிவிட்ட இந்த நிலையை விடச் சிக்கலான முக்கோணக் காதலை வில்லன் எவனாலும் உண்டாக்க முடியாது என்பது என் எண்ணம்.

இரண்டாம் படி: சவால் விடுபவளை அதே காயத்திலிருந்து உருவாக்குங்கள்

வேடமணிந்த எதிரி வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவளாக மட்டும் இருந்தால் போதாது. 1943இல் அறிமுகமான சீட்டாவைப் பாருங்கள். அவள் பிரிசில்லா ரிச் என்னும் செல்வச் சீமாட்டி. ஊரார் கண்களெல்லாம் வொண்டர் வுமன் மீதே இருப்பதைத் தாங்க முடியாமல் அவள் தன் அறையின் கண்ணாடி முன் நிற்கும்போது, சிவிங்கிப்புலி உடையணிந்த இன்னொருத்தி அதில் தெரிகிறாள்; தரையில் விரிப்பாகக் கிடந்த சிவிங்கிப்புலித் தோலையே எடுத்து அந்த உடையைத் தைத்துக்கொள்கிறாள். நாயகிக்கு இருப்பதைப் போலவே எதிரிக்கும் இரண்டு முகங்கள் உண்டு. ஒருத்தி தன்னை மறைப்பதற்காகவும் மற்றவள் தன்னைக் காட்டிக்கொள்வதற்காகவும் வேடம் போடுகிறார்கள். உங்கள் எதிரியின் உடை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்படி ஒரு பொருளைக் கொண்டே சொல்லுங்கள்.

மூன்றாம் படி: ஒரே ஒரு பலவீனம் போதும்

அந்தப் பழைய கதைகளில், ஓர் ஆண் வொண்டர் வுமனின் கைக்காப்புகளில் சங்கிலியைப் பிணைத்துவிட்டால் அவளுடைய வலிமை போய்விடும். காதலிலும் போரிலும் ஒருசேர உறுத்தக்கூடிய விதி அது.

நான்காம் படி: பக்கங்களைப் பிரியுங்கள்

தொடக்கத்துக்கு எட்டுப் பக்கங்களும், பக்கத்துக்கு ஐந்து அல்லது ஆறு கட்டங்களும் போதும். அச்சுப் புத்தகத்தில் இரட்டைப்படைப் பக்கங்கள் தாளைப் புரட்டிய பிறகே கண்ணில் படுவதால், எதிரி முகமூடியைக் கழற்றுவது போன்ற திருப்பத்தை நான்காம் பக்கத்திலோ ஆறாம் பக்கத்திலோ வைத்து, அதற்கு முந்தைய பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வியை விட்டுவையுங்கள். காதலுக்கெனத் தனிப் பக்கம் ஒதுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கட்டத்தை எழுதுங்கள்

ஓவியர் வரையக்கூடியதை மட்டுமே எழுத வேண்டும். ‘அவள் மனம் உடைந்தது’ என்பதை வரைய முடியாது. பயிற்சிக்காக டயானாவையே வைத்து நான் எழுதிப் பார்த்த ஒரு கட்டம் இது:

பக்கம் 5, கட்டம் 1. அலுவலகம், காலை. டயானா தட்டச்சு செய்கிறாள்; அவளுடைய சட்டைக் கைக்குள்ளிருந்து கட்டுத்துணியின் நுனி எட்டிப் பார்க்கிறது. எதிரே ஸ்டீவ் நாளிதழை விரித்துப் பிடித்திருப்பதால் அவன் முகம் தெரியவில்லை. முதல் பக்கத்தில் நேற்றைய சண்டையின் படம்.
ஸ்டீவ்: நேற்று அவளுக்கு அடிபட்டிருக்குமோ?
டயானா: எனக்கு எப்படித் தெரியும்?

சண்டையின் காயம், காதலனின் கவலை, சொல்ல முடியாத உண்மை ஆகிய மூன்றும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிட்டதால், தனியாக விளக்கவுரை தேவைப்படவில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வசனம் எழுதும் ஒரு பலூனுக்குப் பத்துப் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் வைத்தால் எழுத்து படத்தை விழுங்கிவிடும்.

ஆறாம் படி: சோதித்துப் பாருங்கள்

கதைச் சுருக்கத்திலிருந்து நாயகியின் ரகசியத்தை மட்டும் அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். சண்டையோ காதலோ ஏதாவது ஒன்று எந்தச் சேதமும் இல்லாமல் அப்படியே நடந்து முடிந்தால், ஓவியரிடம் கொடுப்பதற்கு முன் முதற்படியில் எழுதிய அந்த இரண்டு வரிகளைத் திருத்த வேண்டும்.