குளத்தோரப் பூச்செடிகள்: கல்வாழை, நீர்ப்பிரமி, நீர்முள்ளி வளர்க்கும் முறை

கொல்லையில் சிமெண்ட் தொட்டியோ தார்ப்பாய் விரித்த சிறு குளமோ அமைப்பவர்கள் பெரும்பாலும் அல்லியையும் தாமரையையும் நடுவில் வைத்துவிட்டு ஓரத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். வேர் சேற்றிலும் இலை வெயிலிலும் இருக்க, ஓரத்தில் நின்று பூக்கும் செடிகளை வளர்ப்பது அல்லி வளர்ப்பதைவிட எளிது. ஆனால் செடி நட்டுக் குளத்தில் இறக்கும் தொட்டியின் மண்ணுக்கு மேல் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதில் மட்டும் கவனம் பிசகக் கூடாது.

இச்செடிகளின் உடலுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. நீருக்கு வெளியே நிற்கும் இலைகளிலிருந்து அவற்றின் வழியே காற்று இறங்குவதால்தான் காற்றில்லாத சேற்றிலும் வேர் உயிரோடு இருக்கிறது. கன்றை முழுவதும் மூழ்கடித்தால் அந்த வழி அடைபட்டு வேர் அழுகிவிடும். நான் முதலில் வைத்த இரண்டு கல்வாழைக் கன்றுகளும் இப்படித்தான் அழுகின.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நாள்தோறும் ஐந்து, ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழும் ஓரமே ஏற்றது. நிழலில் இலை தழைக்குமே தவிர பூ குறையும்.

செடிகளில், செம்மையும் மஞ்சளுமாகப் பூக்கும் கல்வாழை பின்வரிசைக்கு உரியது. கரையோரம் படர்ந்து சிறு வெண்பூக்கள் பூக்கும் நீர்ப்பிரமியை ஒரு சாண் தண்டு கிள்ளி நட்டாலே வேர் பிடித்துவிடும். வயல் வாய்க்கால்களில் தானாக முளைக்கும் நீர்முள்ளியின் ஊதாப் பூ மிக அழகானது. கணுதோறும் முள் இருப்பதால் குழந்தைகள் நடமாடாத பக்கத்தில் வையுங்கள். ஆகாயத்தாமரையை மட்டும் பூவழகுக்காகக்கூடக் கொண்டுவர வேண்டாம். சில வாரங்களில் நீர்ப்பரப்பை மூடிவிடும். அங்கிருந்து ஏரிக்கோ வாய்க்காலுக்கோ போய்விட்டால் அகற்றுவது பெரும்பாடு.

அடுத்தது மண். வாய் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் களிமண் கலந்த தோட்டத்து மண்ணையோ வண்டலையோ நிரப்புங்கள். தென்னை நார்த்தூள் மிதந்து வெளியேறிவிடும். தொழுவுரமும் மண்புழு உரமும் நீரில் கரைந்து பாசியை வளர்த்துக் குளத்தைப் பச்சையாக்கிவிடும். செடியை நட்டு, மண் முழுவதும் நனையும்வரை நீர் ஊற்றி, மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கூழாங்கல் பரப்புங்கள். மீன்கள் மண்ணைக் கிளறாமலிருக்க இதுவே காப்பு.

இனி, தொட்டியைச் சற்றுச் சாய்த்து மெல்லக் குளத்தில் இறக்கி, செங்கற்களை அடுக்கி அவற்றின் மேல் நிறுத்துங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு நீர் தொட்டியின் விளிம்பைத் தொட்டால் போதும். நாற்றங்காலில் உலர்ந்த மண்ணில் வளர்ந்த கல்வாழைக்கு இந்தப் பழக்கக் காலம் மிக முக்கியம். புது இலை விரிந்த பின் ஒவ்வொரு செங்கல்லாக எடுத்து, மண்ணுக்கு மேல் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீர் நிற்குமாறு இறக்கலாம். நீர்ப்பிரமிக்கும் நீர்முள்ளிக்கும் ஈரச் சேறோ, இரண்டு சென்டிமீட்டர் நீரோ போதும். சித்திரை, வைகாசி வெயிலில் நீர்மட்டம் விரைவாக இறங்கும் என்பதால் அம்மாதங்களில் அடிக்கடி பார்த்து நிரப்புங்கள்.

பராமரிப்பு அதிகமில்லை. கல்வாழையில் பூத்து முடிந்த தண்டு மீண்டும் பூக்காது. நீர்மட்டத்துக்கு மேலே விட்டு அதை வெட்டினால் பக்கக் கன்றுகள் எழும்பும். பூ குறைந்தால் எலும்புத்தூளைக் களிமண்ணில் உருட்டி வேருக்கருகே புதைக்கலாம். தொட்டி கிழங்கால் நிறைந்ததும் வெளியே எடுத்து, முளையுள்ள துண்டுகளாகப் பிரித்துப் புது மண்ணில் நடுங்கள்.

தேங்கிய நீரில் கொசு முட்டையிடும் என்பதால் கப்பி மீன்கள் சிலவற்றை விடுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால், அதை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்த பிறகே மீன் உள்ள குளத்தில் ஊற்ற வேண்டும்.