"நல்லாத்தான் சாப்பிடுது அண்ணை": கடல்மீனின் வயிற்றுப் பூச்சியில் நாங்கள் விடுகிற பிழைகள்

போன மாதம் முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பி வட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். பவுடர் புளூ டாங், வீட்டுத் தொட்டியில் வளர்க்கிற நீலக் கடல்மீன். நிறம் மங்கவில்லை, செட்டை கிழியவில்லை. கீழே எழுதியிருந்தான்: "அண்ணை, வெள்ளையா நூல் மாதிரிப் போகுது. ஆனா நல்லாத்தான் சாப்பிடுது."

அந்தக் கடைசி வசனத்தைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும். அதே வசனத்தை மூன்று மாதம் சொல்லித்தான் நானும் ஒரு மீனைச் சாகவிட்டேன்.

தண்ணி மாற்றாமல் விடுவது, உப்பு அளக்காமல் விடுவது, தொட்டி நிறைய மீன் போடுவது எல்லாம் ஆரும் சொல்லித் தருவார்கள். நான் எழுதுவது குடலுக்குள் இருக்கிறதைப் பற்றி.

சாப்பிடுகிறதே என்று இருந்துவிடுவது

என்னுடையதும் பவுடர் புளூதான். கொழும்பில் வாங்கி, ஒட்சிசன் அடித்த பையை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, இரவு பஸ்ஸில் மடியிலேயே கொண்டுவந்தேன். இரண்டாம் நாளே தீன் எடுத்தது. நான் தொட்டிக்குக் கிட்டப் போனால் ஓடி வரும். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

மனுசி ஒருநாள், "என்னப்பா, இதின்ர தலை மட்டும் பெருசாகுது" என்றாள். சிரித்தேன். தலை வளரவில்லை, உடம்பு கரைந்துகொண்டிருந்தது.

மீன் மெலிகிறதா என்று பார்க்கப் பக்கவாட்டில் நிற்காதீர்கள். அது உங்களை நேருக்கு நேர் பார்த்து வரும்போது பாருங்கள். நல்ல மீனின் முதுகு, கண்ணுக்கு மேலே இரண்டு பக்கமும் சதை பிடித்து உருண்டு தெரியும். மெலிந்த மீனின் முதுகு கத்தி விளிம்பு மாதிரிக் கூராக நிற்கும். பிறகு பக்கவாட்டில், கன்னச் செட்டைக்குப் பின்னாலிருந்து மலத்துவாரம் வரை வயிறு உள்ளே குழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இதைக் காலையில், தீன் போடுவதற்கு முதல் செய்யவேண்டும். சாப்பிட்ட கையோடு எந்த மீனின் வயிறும் உருண்டுதான் இருக்கும். நான் மூன்று மாதமும் பார்த்தது அந்த உருண்டையை.

டாங் நாள் முழுக்கப் பாசி மேய்கிற சாதி. நாளுக்கு ஒருதரம் மட்டும் தீன் போட்டால் பூச்சி இல்லாமலும் மெலியும். மற்ற மீன் கலைத்தாலும் மெலியும். அதனால் முதலில் தனியாகப் பிரித்து, ஒரு கிழமை பத்து நாளுக்கு மூன்று நாலு தரம் தீன் போட்டுப் பாருங்கள். அப்படியும் முதுகு வற்றினால் குடலைச் சந்தேகப்படலாம். மீன் காசநோயும் இதே கோலத்தில்தான் வரும். அந்தக் கிருமி கையிலுள்ள காயத்தால் எங்களுக்கும் தோலில் தொற்றும், தொட்டிக்குள் கை விடும்போது கையுறை போடுங்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது ஏனென்றால், குடலுக்குள் மருந்து போக நல்ல வழி தீன்தான். கடல்மீன் தண்ணி குடிக்கும், அதனால் தண்ணியில் கரைத்த மருந்தும் கொஞ்சம் உள்ளே போகும், என்றாலும் தீனோடு போகிற அளவுக்கு வராது. சாப்பிடுகிறது என்றால், மருந்து கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது என்று அர்த்தம். நான் அதைப் பொறுத்திருக்கக் காரணமாக எடுத்தேன். ஒரு வியாழக்கிழமை அது தீனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மருந்துக்கு ஓடினேன். தண்ணியில் போட்டுப் பார்த்தேன். ஆறாம் நாள் போய்விட்டது. அறுத்துப் பார்த்தபோது குடல் வெறுமை, உள்ளே தையல் நூல் மாதிரி மூன்று புழு.

ஒரு வெள்ளை நூலைக் கண்டு பதறுவது

இது மறுபக்கத்துப் பிழை. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த மீனும் வெள்ளையாக, வழுவழுப்பாகத்தான் கழிக்கும், அது வெறும் சளி. பஸ்ஸில் வந்திறங்கிய மீனில் இதைக் கண்டு மருந்து தேடாதீர்கள். நன்றாகத் தின்கிற மீனின் கழிவு தின்றதின் நிறத்தில் போகும். பாசி தின்றால் கரும்பச்சை. அப்படித் தின்கிற மீன் நாள்கணக்காக வெள்ளையாக, கண்ணாடி மாதிரி, நீளமாக இழுத்துக்கொண்டு திரிந்தால்தான் யோசிக்கவேண்டும்.

நுணுக்குக்காட்டி கிடைத்தால் ஊகம் பாதி குறையும். எனக்கு ஒரு விஞ்ஞான ஆசிரியர் உதவினார். முதல்தரம் கழிவைப் போத்தலில் போட்டு மத்தியானம் கொண்டுபோனேன், ஒன்றும் தெரியவில்லை. சவுக்குயிரிகள், அதாவது குடலுக்குள் வால் அடித்து நீந்துகிற நுண்ணுயிர்கள், அசைந்தால்தான் கண்ணில் படும், மீன் கழித்த சில நிமிடத்துக்குள் பார்க்கவேண்டும். அடுத்த தரம் அவரையே வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தேத்தண்ணி ஆறிப்போச்சு, மனிசன் கண்ணை எடுக்கவில்லை. புழு முட்டை என்றால் அவ்வளவு அவசரமில்லை. கப்பிலாரியா என்கிற உருண்டைப் புழுவின் முட்டை இரண்டு முனையிலும் மூடி போட்ட பீப்பா மாதிரி இருக்கும், ஒருதரம் கண்டால் மறக்காது.

எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து

சவுக்குயிரிக்கு மெற்றோனிடசோல். நாடாப்புழுவுக்குப் பிறசிகுவான்ரல். உருண்டைப் புழுவுக்குப் பென்பென்டசோல். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

பெரிய தொட்டியில் கொட்டுவது

பென்பென்டசோல் மென்பவளத்தையும் நத்தையையும் கல்லுக்குள் இருக்கிற நல்ல புழுக்களையும் சேர்த்துக் கொல்லும், கல்லிலும் ஊறி நிற்கும். மருந்து கொடுக்க மீனைப் பிரித்து வைக்க, வெறும் பிளாஸ்ரிக் தொட்டி, காற்றுக்கல், ஒளிய ஒரு குழாய்த்துண்டு போதும். தண்ணியில்தான் போடவேண்டி வந்தால் மெற்றோனிடசோல் லீற்றருக்கு 6.6 மி.கி., அதாவது 38 லீற்றருக்கு 250 மி.கி. பிறசிகுவான்ரல் லீற்றருக்கு 2 முதல் 2.5 மி.கி., காற்றைக் கூட்டி விடுங்கள். தீனில் கலக்கிற அளவு மீனின் நிறையைப் பொறுத்தது, மிருக வைத்தியரைக் கேளுங்கள். கலக்க, அரைத்த இறாலும் ஜெலற்றினும் நல்லது.

பிள்ளையின் பூச்சிக் குளிசையை நசுக்கிப் போடுவது

வேண்டாம்.

கரையில் அள்ளின தீன்

முல்லைத்தீவில் கரைவலை இழுக்கும்போது காலடியில் கிடக்கிற பொடிமீன், நந்திக்கடல் இறால். காசில்லாத தீன், நானும் அள்ளியிருக்கிறேன். கடல்மீனுக்கு வருகிற பல புழுக்கள் குஞ்சுப் பருவத்தை இறாலிலும் சின்ன மீனிலும்தான் கழிக்கின்றன. பச்சையாகப் போட்டால் புழுவை நாங்களே ஊட்டுகிறோம். குடலை எடுத்துவிட்டு, -20 பாகையில் 7 நாள் உறைய வையுங்கள். வீட்டுப் பிறிஜ்ஜின் ஐஸ் பெட்டி அந்தக் குளிருக்குப் போகாமல் இருக்கலாம், கரண்ட் போனால் கணக்கே பிழைக்கும். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்களில் என்னுடைய தீன் முழுக்கக் கோழிக்குத்தான் போனது. உறைய வைப்பது புழுவுக்குத்தான். காசநோய்க் கிருமி உறைந்தும் பிழைக்கும்.

கழிவு நிறம் மாறினதும் நிறுத்துவது

புழு செத்தாலும் முட்டை தப்பும். ஒன்றிரண்டு கிழமை கழித்து மறுபடி கொடுக்கவேண்டும்.

முள்ளியவளைத் தம்பி மீனைப் பிரித்துவிட்டான். முதல் சுற்று முடிந்தது. நேற்று அனுப்பின படத்தில் கழிவு கரும்பச்சை. "இனிப் பெரிய தொட்டிக்க விடட்டோ அண்ணை?" என்று கேட்டான். முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதுகு இன்னும் கத்திதான்.