பிள்ளைகளோடு கொழும்பில் மூன்று நாள்: திட்டமிடுவது எப்படி

ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு பார்க்க வருபவர்கள் வழக்கமாக விடும் பிழை ஒன்றுதான். பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் எழுதி, அவற்றை மூன்று நாளுக்குப் பங்கு போடுகிறார்கள். பங்கு போட வேண்டியது பிள்ளையின் தென்பை. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குக் காலையில் மூன்று மணித்தியாலமும் மாலையில் இரண்டு மணித்தியாலமும் உற்சாகமாக ஓடும். நடுவில் வரும் வெயில் நேரம் சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும். ஆகவே காலையில் ஒரு பெரிய இடம், மாலையில் ஒரு திறந்த வெளி. அதற்கு மேல் எழுதவே வேண்டாம்.

1. நாள் குறித்தல்

முதலில் கலண்டரில் போயா தினம் (பௌர்ணமி விடுமுறை) எங்கே விழுகிறது என்று பாருங்கள். போயா வெள்ளியோ திங்களோ வந்து சனி ஞாயிறோடு ஒட்டிக்கொண்டால் ரயிலில் இடமும் இருக்காது, மிருகக்காட்சிசாலையில் நடக்க வழியும் இருக்காது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கடல் கொந்தளிப்பாக இருக்கும், பிள்ளைகளை அலையில் இறக்கக் கூடாது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடி மழை. அந்த மாதங்களில் வருவதானால் திறந்தவெளிகளைக் காலைக்கு மாற்றிவிடுங்கள்.

2. தங்குமிடம்

வெள்ளவத்தை அல்லது பம்பலப்பிட்டி. காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தங்கினால் ரயில் நிலையமும் பஸ்ஸும் நடைதூரம். காலையில் இடியப்பமும் சொதியும் கிடைக்கும். உறைப்புக் குறைத்துத் தரச் சொல்லித் தமிழிலேயே கேட்கலாம். சாப்பாடு ஒத்துப்போனால் பயணத்தில் பாதிக் கரைச்சல் குறையும்.

அறை பதியும்போது லிஃப்ட் இருக்கிறதா, பால் காய்ச்ச வசதி உண்டா, அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியைத்தான் பலர் மறக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் விடியுமுன்னே கொண்டுவந்து இறக்கிவிடும். அறை மத்தியானத்துக்குப் பிறகுதான் என்றால், நித்திரை முறிந்த பிள்ளைகளோடும் பைகளோடும் அரை நாள் தெருவில் நிற்க வேண்டி வரும். வந்து இறங்குவதற்கு முந்தின இரவுக்கும் சேர்த்து அறைக்குப் பணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் பகல் ரயிலில் வாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. மெரைன் டிரைவ் வீதிக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. கடற்கரைக்கு இறங்கப் பாதையைக் கடந்தே ஆக வேண்டும். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. பிள்ளையின் கையைப் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்த பிறகு கடவுங்கள்.

3. போக்குவரத்து

ஓட்டோவைப் பிக்மீ அல்லது ஊபர் செயலியில் அழையுங்கள். கட்டணம் முன்கூட்டியே தெரியும், போகும் இடத்தைச் சிங்களத்தில் விளக்கவும் தேவையில்லை. காலி வீதியில் மேலே கீழே போக 100, 101 இலக்க பஸ்கள் போதும். காலை ஏழு முதல் ஒன்பது வரையும், பள்ளிக்கூடம் விடும் ஒன்றரை மணியளவிலும், மாலை ஐந்து முதல் ஏழு வரையும் வீதியில் இறங்காதிருக்கப் பாருங்கள். தள்ளுவண்டியை ஊரிலேயே விட்டுவிடுங்கள். உடைந்த நடைபாதையில் அதையும் நீங்கள்தான் தூக்க வேண்டி வரும்.

4. மூன்று நாள்

முதல் நாள் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. 8.30க்கு வாசலில் நில்லுங்கள். வெயில் ஏறினால் மிருகங்கள் நிழலில் படுத்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்குப் போவது அலுவலக நெரிசலுக்கு எதிர்த்திசை என்பதால் அந்த நேரத்திலும் வழி விடும். உள்ளே ஏற்ற இறக்கம் அதிகம். பிள்ளை எதைப் பார்க்க வந்ததோ அதை முதலில் காட்டுங்கள், களைத்த பிறகு சிங்கமும் அலுத்துவிடும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கூட வந்தால் அவர்களுக்கு ரிக்கற் விலை வேறு; உள்ளூர்க்காரர் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

இரண்டாம் நாள் கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய நூதனசாலை. 1877இல் திறந்தது. முழுவதையும் காட்ட முயலாதீர்கள். ஒன்றரை மணித்தியாலம் போதும், பிள்ளைக்கு ஒரு தேடல் கொடுங்கள். காலியில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த அந்தக் கல்லில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் பொறித்திருக்கிறது, ஆண்டு 1409. “இதிலே எங்கட எழுத்தைக் கண்டுபிடி” என்று சொல்லிப் பாருங்கள், எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை அந்த இடத்தை விட்டு நகராது. கண்டி மன்னரின் சிம்மாசனமும் அங்கேதான். பிறகு பக்கத்து விகாரமாதேவி பூங்காவில் ஊஞ்சல், சறுக்கு. மாலையில் காலிமுகத் திடல்: பட்டம் விடக் காற்று, ஓட இடம், பொரிக்கப் பொரிக்க இறால் வடை. வடை உறைக்கும், சின்னப் பிள்ளைக்கு அவித்த சோளம் வாங்குங்கள்.

மூன்றாம் நாள் கடலோர ரயில். கோட்டையிலிருந்து கல்கிசை வரை, அலுவலக நேரம் கழிந்த பிறகு. வலப்பக்கம் இருங்கள், கொள்ளுப்பிட்டியிலிருந்து கடல் யன்னலோடு வரும். ரயில் கதவுகள் திறந்தபடியே ஓடும், ஆகவே கதவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். தாமரைக் கோபுரம் ஏறுவதானால் வானம் தெளிந்த நாளில் மட்டும். மழைக்கு ஒதுங்க அது இடமில்லை, கோபுரம் 350 மீற்றர் அளவு உயரமாக இருந்தும் முகிலைத் தவிர ஒன்றும் தெரியாது. புறக்கோட்டைச் சந்தையை எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களோடு விட்டுவிடலாம்.

5. பையும் பாதுகாப்பும்

ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல், தொப்பி, மாற்றுடுப்பு ஒன்று, சின்னத் துவாய், குடை, நுளம்புக் கிறீம். ஒவ்வொரு காலையும் புறப்படுமுன் பிள்ளையைப் போனில் ஒரு படம் எடுங்கள். தவறிப்போனால் என்ன நிறச் சட்டை என்று பதற்றத்தில் ஞாபகம் வராது. உங்கள் போன் இலக்கத்தைப் பிள்ளையின் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். அவசர அம்புலன்ஸ் 1990, இலவசம். பொலிஸ் 119. சிறுவர்களுக்கான பெரிய அரசாங்க வைத்தியசாலை, லேடி ரிஜ்வே, பொறளையில் இருக்கிறது.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதிகாலையிலும் பின்னேரத்திலும் கூடுதலாக. பூங்காவுக்குப் போகும் நேரமும் அதுதான் என்பதால் நீளக் காற்சட்டை போட்டுவிடுங்கள். ஊர் திரும்பி இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் கண்டால், கொழும்புக்குப் போய் வந்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதுவரை பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரினோ இபுபுரோஃபெனோ கொடுக்க வேண்டாம்.