அம்பாசிடரா மாருதி 800-ஆ: இரண்டு காலத்து வண்டிகளை ஒப்பிடுவது எப்படி

பழைய கார் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்பார்கள், நின்றதுமே 1489 சிசி பெரிசா 796 சிசி பெரிசா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது வேண்டாம். அம்பாசிடர் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது, வீட்டு ஆட்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் போவதுதான் அதன் வேலை. 1983 டிசம்பரில் வந்த 800, சின்னக் குடும்பத்துக்கு, நகரத்துக்கு, பெட்ரோல் செலவுக்குப் பயப்படுபவருக்கு. அவரவர் வேலையை அந்தந்த வண்டி இன்றைக்கும் ஒழுங்காகச் செய்கிறதா என்று பாருங்கள்.

முதலில் வருடத்தைக் கேளுங்கள். ஸ்டியரிங்கில் கியர் உள்ள பழைய அம்பாசிடரும், 90களில் இசுசு 1.8 இன்ஜினும் ஐந்து கியருமாக வந்ததும் பேரில் மட்டும்தான் ஒன்று. 800-இலும் 1986-க்கு முந்தையதன் பாடியே வேறு, அதற்குக் கதவோ பானெட்டோ தேடி அலைய வேண்டியிருக்கும்.

இரண்டையும் ஒரே மெக்கானிக்கோடு, முடிந்தால் ஒரே நாளில், காலையில் போய்ப் பாருங்கள். பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், ஆறிய இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்பது தெரியாமல் போய்விடும், இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஓட்டும்போது காது கொடுக்க வேண்டிய இடம் இரண்டுக்கும் வேறு. 800 முன்சக்கரத்தால் இழுக்கிற வண்டி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போட்டால் ‘டக் டக்’ என்று கேட்டால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அம்பாசிடருக்குப் பின்சக்கரம்தான், அதனால் ஆக்ஸிலரேட்டரை விட்டு விட்டு மிதியுங்கள், அடியில் ‘டங்’ என்று அடித்தால் இன்ஜினின் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையோ அதைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையோ பார்க்க வேண்டும். அப்புறம் குனிந்து முன்சக்கரத்துப் பக்கம் கிரீஸ் நிப்பிள்களை, அதாவது கிரீஸ் அடிக்கும் சின்ன முனைகளைப் பாருங்கள், காய்ந்த மண் மூடிக் கிடந்தால் கிரீஸ் அடித்து நெடுநாளாகிறது.

துரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே சாதி. அம்பாசிடர் கனமாக இருப்பதால் லாரி மாதிரி தனிச் சேசிஸ் உண்டு என்று பலர் நம்புகிறார்கள், கிடையாது. பாடிதான் எலும்புக்கூடும். கதவுக்குக் கீழே ஓடும் தகடு, ஜாக் போடும் இடம், கால் வைக்கும் தரை, எல்லாவற்றிலும் துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் உள்ளே தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான். நான் இன்ஜின் சுமாராக இருந்தாலும் தகடு நன்றாக இருக்கிற வண்டியைத்தான் எடுப்பேன், இன்ஜின் வேலைக்கு ஆள் கிடைக்கும், தகடு வேலை செய்யும் நல்ல டிங்கருக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

கடைசியாக ஆர்.சி. பெட்ரோல் அம்பாசிடர்களில் பலவற்றுக்குப் பின்னாளில் டீசல் இன்ஜின் மாட்டினார்கள், அது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று இன்ஜின் நம்பரை வைத்துச் சரிபாருங்கள். 50 வருடம் தாண்டிய வண்டிக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு, அதாவது பழங்கால வண்டிக்கான தனிப் பதிவு உண்டு, ஆனால் அதை எடுத்துக்கொண்டு தினமும் ஆபீஸ் போக முடியாது. எந்த 800-க்கும் 2033 வரை அந்த வாய்ப்பே இல்லை, அதுவரை வழக்கமான பதிவுப் புதுப்பிப்புதான்.