பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கையாலேயே பிரேக் போடணுமா? முதலில் சர்வோ

கால் இயங்காதவர் ஓட்ட, ஒரே கைப்பிடியில் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர் என்று மாத்திடலாம். அது சுலபம். 1960-களின் எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) மாதிரி வண்டிகளில் சிக்கலே வேற: பெரும்பாலும் பிரேக்குக்கு சர்வோ, அதாவது நாம அழுத்துற விசையைப் பெருக்கிக் கொடுக்கிற கருவி, கிடையாது. காலோட பலம் கைக்கு வராதே! முதல்ல வேக்யூம் சர்வோ போடுங்க.

அப்புறம் துரு. நம்ம புதுச்சேரி உப்புக்காத்து தரைத்தகட்டைச் சத்தமில்லாம தின்னுடும். கைப்பிடி பிராக்கெட்டைத் தரையில் மாட்டுறதுக்கு முன்னாடி கால்மிதி விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்க. 'டங்'னா சரி, 'பொத்'துன்னா போல்ட் வேண்டாம், தகடு மாத்துங்க.

கிளட்ச் பெடலுக்குப் பதிலா கியர் குமிழில் சுவிட்ச் வைக்கலாம், விலைதான் கடிக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கிட்டு, இன்சூரன்ஸ்காரங்களுக்கும் சொல்லிடுங்க.