திருவனந்தபுரத்தை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி?

கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்புறம் வாழும் குமரி மாவட்டத்தாருக்குத் திருவனந்தபுரம், மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் அவசரமாகப் போய்த் திரும்பும் ஊராகவே இருந்துவருகிறது. 1956 நவம்பர் 1 வரை நமக்கும் அதுவே தலைநகரம். வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்கு அதைச் சுற்றிக்காட்ட விரும்புவோர் முதலில் கிழமையைப் பார்க்க வேண்டும். திங்கட்கிழமையன்று அருங்காட்சியகம், விலங்குக்காட்சிச் சாலை, குதிரமாளிகை அரண்மனை ஆகிய மூன்றுமே மூடியிருக்கும்.

பயணத்தைப் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து தொடங்குவதே சரி. ஏனெனில் நடை காலையில் இடையிடையே அடைக்கப்பட்டு, நண்பகலில் முழுவதும் சாத்தப்பட்டால் மாலையில்தான் மீண்டும் திறக்கும். அதிகாலையில் நாகர்கோவிலிலோ குழித்துறையிலோ ரயில் ஏறினால், தம்பானூரிலுள்ள திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, கோயில் இருக்கும் கிழக்கேகோட்டை வரை நடந்தே போய்விடலாம். ஆண்கள் சட்டையின்றி வேட்டி மட்டுமே அணிய வேண்டும். பெண்கள் சேலை உடுத்தலாம், சுடிதார் அணிந்தவர்கள் அதன்மேல் வேட்டியைச் சுற்றிக்கொள்ளலாம். கைப்பேசியை உள்ளே கொண்டுசெல்ல முடியாது. ஆகவே வீட்டிலிருந்தே கூடுதலாக ஒரு வேட்டியைப் பையில் வைத்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

ஏறத்தாழ 18 அடி நீளத்தில் பாம்பணைமேல் பள்ளிகொண்ட பெருமாளை ஒரே பார்வையில் காண இயலாது. ஒற்றைக்கல் மண்டபத்தில் நின்று மூன்று வாசல்கள் வழியாகவே வணங்க வேண்டும்: முதல் வாசலில் திருமுகமும் வலக்கையின் கீழுள்ள சிவலிங்கமும், நடு வாசலில் உந்தித் தாமரையில் பிரம்மனும், மூன்றாவதில் திருவடிகளும் தெரியும். விக்கிரகம் கருங்கல்லில் செதுக்கப்பட்டதன்று. சாளக்கிராமங்களை அடுக்கி, கடுசர்க்கரை என்னும் சாந்து பூசி உருவாக்கப்பட்டது. கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும் என்பதால், எந்த வாசலில் எதைப் பார்ப்பது என்று முன்பே அறிந்துகொண்டு போகிறவருக்கே தரிசனம் நிறைவாகும். நம்மாழ்வார் பாடிய தலம் இது என்பதையும் உடன் வருவோருக்குச் சொல்லலாம்.

கோயிலையொட்டியே சுவாதித் திருநாள் மன்னர் கட்டிய குதிரமாளிகை இருக்கிறது. இறவாரத்தைத் தாங்கி நிற்கும் 122 மரக்குதிரைகளே பெயருக்குக் காரணம். பத்மதீர்த்தக் குளத்தை நோக்கியிருக்கும் மேத்தன் மணி என்னும் பழைய கடிகாரத்தில், ஒவ்வொரு மணிக்கும் இரண்டு ஆடுகள் தாடிக்காரர் ஒருவரின் கன்னங்களில் முட்டும். குழந்தைகள் உடன் இருந்தால் அதற்காகச் சில நிமிடங்கள் காத்திருக்கலாம். நவராத்திரிக் காலத்தில் பத்மநாபபுரம் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நம் ஊர்களிலிருந்து ஊர்வலமாக இங்கே எழுந்தருள்கின்றனர் என்பதால், அந்த நாட்களில் போவது நமக்குத் தனி மகிழ்ச்சி தரும்.

மதிய உணவை வாழையிலைச் சாப்பாடாக வைத்துக்கொண்டு, போளியைப் பால் பாயசத்தில் தோய்த்துச் சாப்பிடத் தவறாதீர்கள். இனிப்பின்மேல் இனிப்பா என்று தயங்குவோரும் ஒருமுறை உண்டபின் மறுப்பதில்லை.

பிற்பகல் முழுவதையும் அருங்காட்சியக வளாகத்துக்கு ஒதுக்கலாம். சென்னையில் பல கட்டடங்களை வடிவமைத்த ராபர்ட் சிஷோம், 1880-இல் முடிந்த நேப்பியர் அருங்காட்சியகத்தையும் வடிவமைத்தார். கேரள முறைக் கூரைச் சரிவும் வண்ணச் சுவர்ப் பட்டைகளும் கொண்ட அக்கட்டடத்தை உள்ளே நுழையுமுன் ஒருமுறை சுற்றிவந்து பார்க்க வேண்டும். அருகிலுள்ள ராஜா ரவிவர்மா ஓவியக் கூடத்தில், நாட்காட்டிகளில் மட்டுமே நாம் பார்த்துப் பழகிய ரவிவர்மா ஓவியங்களின் மூலங்களைக் காணலாம். நேரம் குறைவாக இருந்தால் விலங்குக்காட்சிச் சாலையை விட்டுவிடலாம். ஓவியக் கூடத்தை விடக்கூடாது. அங்கிருந்து பாளையம் வழியாகத் திரும்புகையில் பல்கலைக்கழகக் கல்லூரி வரும். தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றிய சுந்தரம் பிள்ளை பேராசிரியராகப் பணியாற்றிய கல்லூரி அது.

கண்ணகி மதுரையை எரித்தபின் வந்து தங்கியதாக நம்பப்படும் ஆற்றுகால் கோயிலை மாலையில் வணங்கலாம். பெண்கள் கூடிப் பொங்கலிடும் பொங்காலை நாளில் நகரச் சாலைகள் முழுவதும் அடுப்புகளாகிவிடும். சுற்றிப் பார்க்க வருவோர் அந்த நாளைத் தவிர்ப்பதே நல்லது. கதிரவன் மறைவதைக் காண விரும்புவோர் ஆற்றுகாலுக்குப் பதிலாகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகலாம். கோவளத்தையும் விழிஞ்சம் குடைவரையையும் அதே நாளில் சேர்க்க வேண்டாம். அவற்றுக்கு இன்னொரு நாள் தேவைப்படும்.